கோடில்லாத தரை

எட்டு வருடமாய் இந்தத் தரையை
நான்தான் துடைக்கிறேன்.
கறுப்புக் கோடு கூடைப்பந்துக்கு,
சிவப்பு பூப்பந்துக்கு,
நீலம் கரப்பந்துக்கு.
மஞ்சள் எதற்கென்று
மேலாளர் டெனீஸுக்கும் தெரியாது.
தை மாதத்தில் சப்பாத்துகள் கொண்டுவரும் உப்பு
வாசலில் தன் பாட்டுக்கு
வெள்ளையாய் இன்னொரு கோடு போடும்.

காலை பத்து மணிக்குக்
கதிரையில் இருந்தபடியே யோகா செய்கிறவர்கள்
எந்தக் கோட்டையும் கவனிப்பதில்லை.
பதினொன்றரைக்குத் தவழ வருகிற குழந்தைகள்
எல்லாக் கோட்டையும் நக்கிப் பார்க்கும்.
(அதற்கு முன் இரண்டு தரம் துடைப்பேன்.)
பின்னேரம் பெடியள்
கறுப்புக் கோட்டில் பந்து பட்டதா இல்லையா என்று
தொண்டை கிழியக் கத்துவார்கள்.
எட்டரைக்கு லாவ் ஐயா வருவார்,
றாக்கெற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
தன் சிவப்பு மூலைக்கு.

நீச்சல் வகுப்புக்குப் பதிகிற நாளில்
காலை ஏழு மணிக்கு முன்பே
ஸ்காபரோவில் பாதிப்பேர்
திரைமேல் விரலை வைத்துக் காத்திருப்பார்கள்.
ஏழு நாலுக்கு எல்லாம் முடிந்துவிடும்.
என் மகளுக்கு இரண்டு முறை கிடைக்கவில்லை.
'நீ அங்கேதானே வேலை' என்கிறார்கள்.
தரை துடைப்பவனுக்கும்
வரிசை வரிசைதான்.

போன வருடம் மாநகரம் ஒருவழியாகக்
காசு ஒதுக்கியது.
முகப்பில் ஒரு பலகை வைத்து
என்ன வேண்டும், எழுதி ஒட்டுங்கள் என்றார்கள்.
சுடுதண்ணி, என்றது ஒரு தாள்.
பெண்களுக்குத் தனி நேரம், என்றன பதினாறு.
சக்கர நாற்காலி திரும்பக்கூடிய கழிப்பறை.
பிக்கிள்போல், பிக்கிள்போல், பிக்கிள்போல்.
(ஊறுகாய்க்கும் பந்துக்கும் என்ன உறவென்று
மாரிவிக்கிடம் கேட்டேன்.
அவளுக்கும் தெரியவில்லை.)
சின்னக் கையெழுத்தில் ஒருவர்
முதலை வேண்டும் என்றிருந்தார்.

ஒரு தாள் தமிழில்.
இது என்ன சொல்கிறது என்று கேட்டாள் டெனீஸ்.
'சும்மா இருக்க ஓர் இடம்.'
சும்மாவை எந்தப் பாஷையில்
எப்படிச் சொல்வது?
இருந்த ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன்.
அவள் குறித்துக்கொண்டாள்:
கூடுதல் இருக்கைகள், ஒன்று.

ஏழு மாதம் பூட்டு.
திறந்தபோது சாய்வுப் பாதை இருந்தது,
தானாய்த் திறக்கும் கதவு இருந்தது,
குழாயில் சுடுதண்ணியும் வந்தது.
மண்டபத்தில் மட்டும்
கோடு ஒன்றும் இல்லை.
இழைத்து மினுக்கியிருந்தார்கள்,
பெயின்ற் வர இன்னும் நாலு நாளாம்.

அந்த வெள்ளிக்கிழமையும் எல்லோரும் வந்தார்கள்.
லாவ் ஐயா தன் மூலையைத் தேடி
அடிமேல் அடிவைத்து அளந்தார்,
நடுவில் எண்ணிக்கை பிசகி
மறுபடி சுவரிலிருந்து தொடங்கினார்.
பெடியள் பந்தைக் கையில் வைத்தபடி நின்றார்கள்.
வெளியே என்று ஒன்று இல்லாதபோது
எதைச் சொல்லிக் கத்துவது?
நாற்காலியில் வந்த ஒரு பிள்ளை
நடுத்தரைக்குப் போய்
ஒரு சுற்றுச் சுற்றினாள்.
பிறகு மற்றப் பக்கமாய் இன்னொரு சுற்று.
சக்கரத்தின் தடம் மெல்லிசாய் விழுந்தது.
அதைத்தான் நான் முதலில் துடைத்திருக்க வேண்டும்.
துடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெயின்ற்காரர்கள் வந்தார்கள்.
கறுப்பு, சிவப்பு, நீலம்,
ஊறுகாய்ப் பந்துக்குப் புதிதாய்ப் பச்சை.
மஞ்சளையும் போட்டுவிட்டார்கள்,
பழைய வரைபடத்தில் இருந்ததாம்.

இப்போது சுவரோரம் மூன்று வாங்குகள்.
வியாழன் இரவுகளில்
மரக்கறிப் பையோடு ஒரு பெண் வந்து
கடைசி வாங்கில் இருப்பார்.
விளையாட்டைப் பார்ப்பதுமில்லை,
போனை எடுப்பதுமில்லை.
அந்தத் தாளை எழுதியது நீங்களா என்று
நான் கேட்டதில்லை.
ஒன்பதே முக்காலுக்கு
துடைப்பத்தோடு அவரண்டை வருவேன்.
கால்கள் இரண்டையும் தூக்குவார்.
நான் கடந்து போனதும்
ஈரத்தைப் பார்த்துப் பார்த்து
மெதுவாய் இறக்குவார்.